எங்கே நிறுத்துவது?

2025 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை, மளிகைக்கடை விளம்பரங்களுக்கும் கடன் அட்டை அழைப்புகளுக்கும் நடுவே அந்த உறை வந்திருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'முக்கியமான பாதுகாப்பு ரீகால் தகவல்' என்று அச்சிட்டிருந்தார்கள். அமெரிக்காவில் இருபது வருஷமாக வண்டி ஓட்டும் எனக்கு இது புதிதல்ல. ஏர்பேக், வைப்பர் மோட்டார், பின்பக்கக் கேமரா என்று எதற்காவது ஒன்று வந்துகொண்டேதான் இருக்கும். ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவோம். பிறகு மறந்துவிடுவோம்.

இந்தக் கடிதம் அப்படி மறக்கக்கூடியதாக இல்லை. வண்டியின் பேட்டரி உள்ளுக்குள்ளேயே பழுதாகித் தீப்பிடிக்கலாம். ஓடாமல், அணைத்து நிறுத்தியிருக்கும்போதும் அது நடக்கலாம். தீர்வு இன்னும் தயாராகவில்லை. தயாரானதும் மறுபடி எழுதுவோம். அதுவரை சார்ஜ் செய்ய வேண்டாம். கட்டடங்களிலிருந்தும் மற்ற வாகனங்களிலிருந்தும் தள்ளி, திறந்த வெளியில் நிறுத்துங்கள். ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம். இதுதான் சாரம்.

எங்களுடையது பிளக்-இன் ஹைப்ரிட். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றும் பேட்டரியும் உண்டு. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ஒரே ஒரு கம்பெனியின் கதையாக இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

கடிதத்தைப் படித்துவிட்டு மனைவி கேட்டாள்: "அப்ப எங்க நிறுத்துறது?"

அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை சரியான பதில் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எங்கள் குடியிருப்பைக் கொஞ்சம் விவரிக்க வேண்டும். டெட்ராய்ட்டுக்கு மேற்கே ஒரு புறநகர். நான்கு நான்கு வீடுகளாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வரிசைகள். கார் ஷெட் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு நேர் மேலே மகளின் படுக்கையறை. ஷெட்டுக்கு முன்னால் ஒரு வண்டி நிற்குமளவு சிமென்ட் தளம். அங்கே நிறுத்தினால் வண்டியின் மூக்கு எங்கள் கதவைத் தொடும், பக்கவாட்டுக் கண்ணாடி அடுத்த வீட்டுக்காரரின் காரைத் தொடும். எதிரே விருந்தாளிகளுக்கென்று ஆறு இடங்கள். அவை அடுத்த வரிசையின் கடைசி வீட்டை ஒட்டியவை. அந்த வீட்டில் ஒரு வயதான தம்பதி. அவர்கள் தூங்கும் அறையின் ஜன்னலுக்கும் ஆறாவது இடத்துக்கும் இருபது அடி இருக்கலாம்.

அன்று இரவு வண்டியை அந்த ஆறாவது இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி நடந்தபோது மனசில் வந்தது நிம்மதிதான். மகளின் அறைக்குக் கீழே இப்போது ஒன்றுமில்லை. நன்றாகத் தூங்கினேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தூக்கத்தைப் பற்றியது.

தமிழ்ப் பத்திரிகைகளில் இந்தச் செய்தி வரும்போது 'கார்களைத் திரும்பப் பெறுகிறது' என்று எழுதுவார்கள். ஊரில் இருந்தவரை நானும் அதை நம்பியிருந்தேன். லாரி லாரியாக வந்து வண்டிகளை ஏற்றிக்கொண்டு போவார்கள் என்று. உண்மையில் யாரும் எதையும் திரும்பப் பெறுவதில்லை. ஒரு கடிதம் வருகிறது, அவ்வளவுதான். வண்டி உங்களிடமே இருக்கிறது. நேற்றுவரை கம்பெனியின் கணினியில் இருந்த ஒரு தகவல் இன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1966இல் வந்து, 1974இல் திருத்தப்பட்ட வாகனப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் கட்டாயமாக்கியது. குறை தெரிந்தால் மறைக்காதே, உரிமையாளருக்குச் சொல், இலவசமாகச் சரிசெய்து கொடு. நல்ல சட்டம். ஆனால் அது கம்பெனிக்கும் உரிமையாளருக்கும் இடையே போட்ட கோடு. உரிமையாளருக்கு அடுத்து யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் ஒன்றும் இல்லை.

நான் படித்தது கணினி. பேட்டரி வேதியியல் எனக்குத் தொழில் இல்லை. ஆனால் கடிதம் வந்த வார இறுதி முழுக்க இதைத்தான் படித்தேன். லித்தியம் அயனி செல் என்பது அடிப்படையில் இரண்டு மெல்லிய தகடுகள், ஒன்று நேர்முனை, ஒன்று எதிர்முனை. இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாது. நடுவே ஒரு பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. தடிமன் பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான். நம் தலைமுடியே அதைவிடச் சில மடங்கு தடிமன். அந்தப் படலம் எங்கோ மடங்கியிருந்தால், கிழிந்திருந்தால், தயாரிக்கும்போது ஒரு உலோகத் துகள் உள்ளே விழுந்திருந்தால், என்றாவது ஒருநாள் இரண்டு தகடுகளும் சந்தித்துக்கொள்ளலாம். சூடு பிறக்கும். அந்தச் சூடு மேலும் வேதிவினையைத் தூண்ட, அது மேலும் சூட்டைக் கிளப்பும். ஒரு செல் அடுத்த செல்லைச் சூடாக்கும். அதற்குப் பிறகு தண்ணீரை எவ்வளவு ஊற்றினாலும் அணைந்தது போல் அணைந்து, மறுபடி பற்றிக்கொள்ளும்.

என்னை உறுத்திய விஷயம் இன்னொன்று. வண்டியை 'ஆஃப்' செய்கிறோம் என்று சொல்கிறோமே, அது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள இணைப்பை மட்டும்தான் துண்டிக்கிறது. செல்லுக்குள்ளே அணைப்பதற்குப் பொத்தான் எதுவும் கிடையாது. நாம் தூங்கும்போது அது விழித்திருக்கிறது. சார்ஜ் நிறைய இருந்தால் எரிவதற்கான சக்தியும் நிறைய. சார்ஜ் ஏற்றாதே என்று அவர்கள் சொல்வதன் பொருள் இதுதான். புகை குறையட்டும் என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிய வண்டி, கனமான பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓட ஆரம்பித்தது. மைலேஜும் சுமார்தான்.

நான் தனியாக மாட்டிக்கொண்டவன் இல்லை என்பதும் படிக்கப் படிக்கத் தெரிந்தது. 2020இல் ஐரோப்பாவில் ஃபோர்டு கூகாவின் பிளக்-இன் வண்டிகள் இருபதாயிரத்துக்கும் மேல். சார்ஜ் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். அதே வருஷம் பிஎம்டபிள்யூவும். 2022 பிப்ரவரியில் கிறைஸ்லர் பசிஃபிகா ஹைப்ரிட், 19,808 வண்டிகள். பன்னிரண்டு எரிந்திருந்தன. பன்னிரண்டும் நிறுத்தி அணைத்து வைத்திருந்தவை. அவற்றில் எட்டு சார்ஜரில் செருகியிருந்தவை. 2024இல் ஜீப் ராங்க்லர், கிராண்ட் செரோக்கீ பிளக்-இன் வண்டிகள் 1,54,032. பதின்மூன்று தீ. முழு மின்சார வண்டியான செவர்லே போல்ட்டின் கதை எல்லோருக்கும் தெரியும். உலகெங்கும் ஏறத்தாழ 1,42,000 வண்டிகள். 2021இல் அதன் உரிமையாளர்களுக்கு ஒரு கட்டத்தில் மற்ற வண்டிகளிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். எந்தக் கடை வாசலில், எந்த அலுவலக வளாகத்தில் 50 அடி காலியாகக் கிடக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை.

கம்பெனிகள் அரசுக்குக் கொடுக்கும் ரீகால் அறிக்கையில் ஒரு கட்டம் உண்டு: இந்த வண்டிகளில் எத்தனை சதவீதத்தில் உண்மையிலேயே குறை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறீர்கள்? 2024 ஜீப் அறிக்கையில் 5 சதவீதம் என்று எழுதியிருந்தார்கள். அதாவது ஏழாயிரத்துச் சொச்சம் வண்டிகள். எரிந்தவை பதின்மூன்று. ஒன்றரை லட்சத்தில் பதின்மூன்று!

இந்த மாதிரி எண்களோடு புழங்குவதுதான் என் தொழில். பெரிய நிறுவனங்களுக்குப் புது மென்பொருள் அமைத்துக் கொடுக்கிறேன். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு ரிஸ்க் ரெஜிஸ்டர் இருக்கும். என்ன தவறு நடக்கலாம், எவ்வளவு சாத்தியம், நடந்தால் எவ்வளவு இழப்பு. ஒன்றை மற்றொன்றால் பெருக்கி வரிசைப்படுத்துவோம். கீழே இருப்பவற்றுக்கு நேராக 'ஏற்கப்பட்டது' என்று எழுதி மூடிவிடுவோம். சில வருஷங்களுக்கு முன் 14,000 பேருக்குச் சம்பளம் போடும் ஒரு திட்டத்தில், குறிப்பிட்ட வகைப் பகுதிநேர ஊழியர்களுக்குக் கணக்குத் தப்பலாம் என்று முன்பே தெரிந்தது. மிகக் குறைவானவர்கள். 'ஏற்கப்பட்டது' என்று எழுதியவன் நான்தான். டிசம்பரில் 41 பேருக்குச் சம்பளம் தப்பாகப் போனது. 0.3 சதவீதம். திட்டம் வெற்றி என்று கேக் வெட்டினோம். அந்த 41 பேரில் ஒருவர், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், வாடகைக் காசோலை திரும்பிவிட்டது என்று உதவி மையத்துக்கு அழைத்து அழுததாகப் பிறகு கேள்விப்பட்டேன். ரெஜிஸ்டரில் நான் எழுதிய 'ஏற்கப்பட்டது' என்ற சொல்லுக்கு எழுவாய் இல்லை. ஏற்றது யார்? அவரா, நானா?

இந்த இடத்தில் ஃபோர்டு பின்டோவை இழுக்காமல் யாரும் எழுதுவதில்லை. நானும் இழுக்கிறேன், வேறு காரணத்துக்காக. 1970களில் பின்னால் மோதினால் பெட்ரோல் டேங்க் பற்றிக்கொள்ளும் என்று பேர் வாங்கிய சின்ன வண்டி. ஃபோர்டின் ஒரு குறிப்பு 1977இல் 'மதர் ஜோன்ஸ்' பத்திரிகை வழியாக ஊருக்கெல்லாம் தெரிந்தது. 180 தீச்சாவுகள், ஒவ்வொன்றும் 2,00,000 டாலர். 180 தீக்காயங்கள், ஒவ்வொன்றும் 67,000 டாலர். 2,100 எரிந்த வண்டிகள், ஒவ்வொன்றும் 700 டாலர். மொத்தம் 4.95 கோடி. ஒரு வண்டிக்கு 11 டாலர் செலவழித்துச் சரிசெய்தால் ஆகும் செலவு 13.7 கோடி. ஆகவே லாபமில்லை. படித்தவர்களுக்கெல்லாம் ரத்தம் கொதித்தது. மேலாண்மை வகுப்பில் எங்களுக்கும் இதைப் பாடமாக வைத்தார்கள், நாங்களும் கொதித்தோம். பாடத்தில் சொல்லாத ஒன்றைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அந்தக் குறிப்பு பின்டோவைப் பற்றியதே அல்ல. பின்னால் மோதுவதைப் பற்றியதும் அல்ல. வண்டி உருளும்போது எரிபொருள் கசிவதைத் தடுக்கும் ஒரு விதிக்காக, அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் சேர்த்துப் போட்டு அரசுக்குக் கொடுத்த கணக்கு. உயிருக்கு 2,00,000 என்ற விலையும் அரசு நிறுவனம் தந்ததுதான்.

இதனால் ஃபோர்டு குற்றமற்றது என்று ஆகிவிடாது. 1978இல் பதினைந்து லட்சம் வண்டிகளை ரீகால் செய்ததும் உண்மை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டது ஒரு ராட்சசன் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு இருந்த சுகம் போய்விட்டது. பெருக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அரசும் செய்கிறது, நானும் செய்கிறேன். ஆறாவது இடத்தில் வண்டியை நிறுத்திய இரவு நான் செய்ததும் அதுவேதான். எரிவதற்கான சாத்தியம் மிகமிகக் குறைவு. எரிந்தாலும் என் மகள் மேல் இல்லை. இரண்டையும் பெருக்கினேன். விடை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தது. எதிர்வீட்டு ஜன்னல் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

வந்திருந்தால் சமாதானம் சொல்லவும் கைவசம் காரணங்கள் இருந்தன. பெட்ரோல் வண்டிகள் எரியவில்லையா? இந்த நாட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாகனத் தீ விபத்துகள் நடக்கின்றன, பெரும்பாலானவை பெட்ரோல் வண்டிகள். அந்தப் பெரியவருடைய பழைய பிக்கப் டிரக்கே என் வண்டியைவிட ஆபத்தானதாக இருக்கலாம். இதெல்லாம் சரிதான். ஆனால் அவருடைய டிரக்கைப் பற்றி அவருக்கு யாரும் கடிதம் எழுதவில்லை. எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

நான் பிறந்தது திருவாரூர்ப் பக்கம். கோயிலுக்கு வெளியே கல்லில் செய்த ஒரு தேர் இருக்கிறது. சின்ன வயசில் அதைப் பார்க்கும்போதெல்லாம் பாட்டி மனுநீதிச் சோழன் கதையைச் சொல்வாள். இளவரசன் தேரோட்டிப் போகிறான், கன்று குறுக்கே பாய்கிறது, சக்கரத்தில் சிக்கிச் சாகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இடுகிறான். எனக்கு அந்த வயசில் அது அநியாயமாகப் பட்டது. 'அவன் பார்க்கலையே பாட்டி' என்பேன். இப்போதும் அது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் 'பார்க்கவில்லை' என்ற அந்த ஒற்றைச் சொல்தான் இளவரசன் பக்கம் இருந்த முழு நியாயமும் என்பது இப்போது புரிகிறது. ரீகால் கடிதம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது அதைத்தான். புதன்கிழமை என் வண்டி எரிந்திருந்தால் அது விபத்து. வெள்ளிக்கிழமை எரிந்திருந்தால் அது வேறு ஏதோ. பேட்டரியில் இடையே எதுவும் மாறவில்லை. நான் மாறியிருந்தேன்.

இனி வருவது எனக்குப் பெருமை தராத பகுதி.

டிசம்பரிலேயே அந்த வண்டியை விற்பதாகப் பேசி வைத்திருந்தேன். வாங்க இருந்தவன் கும்பகோணத்துப் பையன். படிப்பு முடித்து முதல் வேலையில் சேர்ந்தவன். தமிழ்ச் சங்கப் பொங்கல் வேலைகளில் பழக்கம். விலைகூடப் பேசி முடித்தாகிவிட்டது. கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே அவனை அழைத்துச் சொல்லிவிட்டேன். ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. சட்டப்படி எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. புது வண்டியைக் குறை தீர்க்காமல் விற்கக் கூடாது. வாடகைக்கு விடும் நிறுவனங்களும் 2016 முதல் அப்படி விடக் கூடாது. 2004இல் கலிஃபோர்னியாவில் ரீகால் சரிசெய்யாத வாடகைக் காரில் போய் இறந்த இரண்டு சகோதரிகளின் பெயரில், அவர்களுடைய அம்மா போராடி வந்த சட்டம் அது. அதுவும் தீ சம்பந்தப்பட்ட ரீகால்தான். ஆனால் பழைய வண்டி விற்பவரைத் தடுக்கும் மத்தியச் சட்டம் கிடையாது. வாங்குபவர்தான் பதினேழு இலக்க வண்டி எண்ணைப் போட்டு அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொன்னதற்கு அவன் சொன்ன பதில்தான் என்னை அசைத்தது.

"பரவால்லண்ணா. கொஞ்சம் கம்மி பண்ணிக் குடுங்க. என் அபார்ட்மென்ட்ல ஓப்பன் பார்க்கிங்தான். ராத்திரி எரிஞ்சாலும் இன்ஷூரன்ஸ் வரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வழக்கமான நியாயப்படி பார்த்தால் விஷயம் அங்கே முடிந்துவிட்டது. நான் மறைக்கவில்லை, அவன் தெரிந்தே ஒப்புக்கொள்கிறான், இருவரும் வயது வந்தவர்கள், விலையும் அதற்கேற்பக் குறைகிறது. ஆனால் அவன் வண்டிக்கு இரண்டு பக்கமும் நிற்கப்போகும் வண்டிகளின் சொந்தக்காரர்கள் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்கு விலையில் தள்ளுபடியும் இல்லை. அவன் ஏற்பதாகச் சொன்ன ஆபத்தில் பாதிக்கு மேல் அவனுடையதே அல்ல. இதை அவனிடம் விளக்க ஆரம்பித்தேன். தொலைபேசியில் இரண்டு நிமிஷம் நல்ல தெளிவாகப் பேசினேன், ஒரு வாத்தியார் மாதிரி. "பக்கத்துல நிறுத்துறவங்கள நினைச்சுப் பாரு" என்று சொல்லும்போது நான் சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தேன். எதிரே, ஆறாவது இடத்தில், என் வண்டி.

அப்போதும் போய்ச் சொல்லவில்லை.

ஏன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். பையனிடம் எனக்கு ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. பணம் கை மாறும் இடத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் வட்டத்தில் 'ஏமாத்திட்டான்' என்ற பேச்சு வந்தால் தலை நிமிர முடியாது. பெரியவரோடு எனக்கு இருந்தது அருகாமை மட்டும். பனி அள்ளும்போது கை அசைப்போம். தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தால் கிறிஸ்துமஸுக்கு ரொட்டி வரும். அவருக்கு நான் எதையும் விற்கவில்லை, அவரிடம் எதையும் வாங்கவில்லை. ஆகவே அவருக்கு நான் எதுவும் தர வேண்டியதில்லை என்று உள்ளே ஏதோ ஒன்று கணக்கை முடித்துவிட்டிருந்தது. வெட்கமும் இருந்தது. 'என் வண்டி தீப்பிடிக்கலாம், அதனால்தான் உங்கள் வீட்டுப் பக்கம் வைத்திருக்கிறேன்' என்பதை எந்த மொழியில் சொன்னாலும் கேட்க நன்றாக இருக்காது. வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவனுக்கு அக்கம்பக்கத்தில் தொல்லை தருபவன் என்று பேர் வாங்குவதில் ஒரு தனிப் பயமும் உண்டு. அது காரணம்தான். அதைச் சாக்காகவும் வைத்துக்கொண்டேன்.

பத்தாவது நாள் சனிக்கிழமை. கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். என் மனைவி சொல்லிச் சொல்லித்தான் போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவர் ஒரு கார் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் அசெம்பிளி லைனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடிதத்தை மேசையில் வைத்து நிதானமாகப் படித்தார். கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. பேட்டரி வண்டியின் எந்தப் பக்கம் இருக்கிறது, சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். பிறகு தன் காலத்துக் கதை ஒன்றைச் சொன்னார். லைனில் ஒரு போல்ட்டைச் சரியாக முடுக்காமல் விட்டுவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம். நிறுத்தினால் மேஸ்திரி முறைப்பார். நிறுத்தாவிட்டால் அந்த வண்டி எங்கோ போய்விடும், யாரும் கேட்க மாட்டார்கள். "இழுத்த நாட்கள் எனக்கு நினைவில்லை. இழுக்காத நாட்கள் இரண்டு உண்டு. அந்த வண்டிகளின் நிறம்கூட நினைவிருக்கிறது" என்றார்.

அவருடைய மனைவி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கடிதத்தின் தேதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒன்பது இரவுகளா?" என்றார்.

அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். சாத்தியம் மிகக் குறைவு என்றும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமாக ஒலிக்கிறது என்று தெரிந்தது. எண் தவறில்லை. ஆனால் அந்த ஒன்பது இரவும் அந்தச் சின்ன எண் அவரிடம் இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பது எனக்குத் தெரியாது. பின் அறையில் போய்ப் படுத்திருக்கலாம். போடா என்று சிரித்துவிட்டு அங்கேயே தூங்கியிருக்கலாம். இரண்டில் எதுவானாலும் அது அவருடைய முடிவாக இருந்திருக்கும். அதை நான் அவருக்காக எடுத்து, அவருக்குத் தெரியாமலேயே 'ஏற்கப்பட்டது' என்று எழுதி மூடியிருந்தேன்.

பெரியவர்தான் வழி சொன்னார். குடியிருப்பின் கோடியில் மழைநீர் தேங்கும் குட்டை ஒன்று உண்டு. அதன் அருகே தபால் பெட்டிகள், வண்டி திரும்ப ஒரு வட்டம். சுற்றிலும் கட்டடம் இல்லை. ஆனால் இரவில் அங்கே வண்டி நிறுத்தக் கூடாது. பனி வாரும் வண்டி பனியைக் கொண்டுவந்து கொட்டும் இடம் அது. குடியிருப்போர் சங்கத்திடம் அனுமதி கேட்க வேண்டும். கேட்க வேண்டுமானால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அறுபது வீடுகளுக்கும் தெரியும். எழுதினேன். அனுமதி வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது: எங்கள் குடியிருப்பிலேயே இன்னொருவரிடமும் அதே ரீகாலுக்குள் வரும் வண்டி இருந்தது. அவரும் கடிதத்தை வைத்துக்கொண்டு பேசாமல்தான் இருந்திருக்கிறார். என்னுடைய அறிவிப்பைப் பார்த்துவிட்டு ஒரு இரவு குட்டைப் பக்கம் வந்து, என் வண்டிக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வானிலையைப் பற்றி ஏதோ பேசினோம்.

வீட்டிலிருந்து குட்டைக்கு முந்நூற்றுப் பத்து எட்டு. பிப்ரவரியில் அதைத் தினமும் இரண்டு முறை நடப்பது என்ன என்பது மிச்சிகனில் இருப்பவர்களுக்குத் தெரியும். கும்பகோணத்துப் பையன் வேறு வண்டி வாங்கிவிட்டான். நான் விற்க மறுத்ததில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நல்ல விலைக்குப் போயிருக்கும் ஒன்றை அண்ணன் வீம்புக்காகக் கெடுத்துக்கொண்டார் என்று பொது நண்பர் ஒருவரிடம் சொன்னானாம். இருக்கலாம். விற்றிருந்தால் அந்த வண்டி என் கண்ணில் படாமல் போயிருக்கும். அது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்ததால்தான் மறுத்தேன்.

ஏப்ரலில் தீர்வு வந்தது. பணிமனையில் பேட்டரியைச் சோதித்து, புது மென்பொருளை ஏற்றினார்கள். செல்லுக்குள் கோளாறு தொடங்குவதை அது முன்கூட்டியே கண்டுபிடித்து எச்சரிக்குமாம். உலோகத்திலும் படலத்திலும் இருக்கும் குறைக்கு மென்பொருளை மருந்தாகக் கொடுப்பதைப் பற்றி ஒரு மென்பொருள்காரனாக எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், மற்றவர்கள் சரிசெய்ய மனமில்லாமல் விட்டதையெல்லாம் எங்கள் துறையிடம் தள்ளிவிடுவது எல்லா இடத்திலும் உள்ள வழக்கம். போல்ட்டிலும் முதலில் அப்படித்தான் செய்தார்கள். அப்படிச் சரிசெய்த இரண்டு வண்டிகள் 2021 கோடையில் எரிந்தன. பிறகுதான் பேட்டரியையே மாற்ற ஆரம்பித்தார்கள். 2025 நவம்பரில் ஜீப் மறுபடியும் ரீகால் அறிவித்தது. இந்த முறை 3,20,065 வண்டிகள், பத்தொன்பது தீ. முந்தைய ரீகாலில் சரிசெய்தாயிற்று என்று சொல்லி அனுப்பிய வண்டிகளும் அதில் அடக்கம். மறுபடி அதே வாசகம்: வெளியே நிறுத்துங்கள், சார்ஜ் செய்யாதீர்கள்.

என்னுடையது அந்தப் பட்டியலில் இல்லை. ஏப்ரலில் பணிமனை கொடுத்த, 'வேலை முடிந்தது' என்று முத்திரையிட்ட தாள் என்னிடம் இருக்கிறது. அன்று மாலை அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். பெரியவர் இல்லை. அவருடைய மனைவி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் முழுக்கப் படித்தார்.

"இதை நீ நம்புகிறாயா?" என்றார்.

தெரியவில்லை என்றேன். முன்பைவிடக் கொஞ்சம் பரவாயில்லை என்று மட்டும் சொல்லலாம் என்றேன். அவர் தலையாட்டினார்.

"இன்று இரவு எங்கே நிறுத்தப் போகிறாய்?"

குட்டைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, மழை வரும் போலிருக்கிறது, குடை எடுத்துக்கொண்டு போ என்றார்.